நாற்பத்திரண்டாம் சான்றிதழ்

2063ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி ஐந்து நிமிடத்திற்கு, தருவைத்துறை அதிர்ச்சிநல மையத்தின் மூன்றாம் அறையில், ஜெசிந்தா என்னும் முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு இறுதிச் சோதனை நடைபெற்றது. அறையில் இருந்தவர்கள் இருவர்: ஜெசிந்தாவும் அவளுடைய ஆலோசகர் நிறைமதியும். சோதனைக்கு விதிக்கப்பட்ட நேரம் இரண்டு நிமிடம். ஜெசிந்தா ஒன்பது நொடி அமர்ந்திருந்தாள். பத்தாவது நொடியில் எழுந்து ஓடினாள்.

சோதனை மிக எளிது. கையளவுக் கண்ணாடிக் குப்பியில் நீர்த்த அமோனியா இருக்கும். அதன் ரப்பர் மூடியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு, ஆலையின் அபாயச் சங்கொலியை ஒலிக்கச் செய்வார்கள். வந்தவர் நாற்காலியை விட்டு எழாமல் இரண்டு நிமிடம் இருந்துவிட்டால், அவருடைய அச்சம் தணிந்துவிட்டது என்று பொருள். சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால்தான் ஆலை மீண்டும் வேலை கொடுக்கும்.

முந்தைய ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், தருவைத்துறை இறால் பதன ஆலையின் உரிப்புக் கூடத்தில் அமோனியா கசிந்து ஒன்பது பெண்கள் இறந்தார்கள். பின்கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. பிழைத்த பெண்கள் நாற்பத்திரண்டு பேர். அவர்களில் நாற்பத்தொருவர் சான்றிதழ் பெற்று வேலைக்குத் திரும்பி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த நாற்பத்தொரு சான்றிதழ்களிலும் கையொப்பமிட்டவள் நிறைமதி.

குப்பியை மூடி, சங்கொலியை நிறுத்திவிட்டு, நிறைமதி சிறிது நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வலக்கை நாற்காலியின் பிடியை இறுகப் பற்றியிருந்தது. நாற்பத்தொரு முறையும் அப்படித்தான் பற்றியிருந்தாள். எழுந்து ஓடாமல் இருப்பதற்காக. இதை அறிந்தவர் அவளைத் தவிர உலகில் எவரும் இல்லை. அறிந்தால் அன்றைக்கே அவள் உரிமம் போய்விடும்.

நிறைமதி வெளியே வந்தபோது, ஜெசிந்தா சைக்கிள் நிறுத்துமிடத்தில், ஒரு சைக்கிளின் பின்இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓடிட்டேன் மேடம். மன்னிச்சிருங்க."

"மன்னிப்பு எதுக்கு? தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம். தொப்பி சரியாத்தான் வேலை செஞ்சுது, மேடம். அதைக் குத்தம் சொல்லக் கூடாது." தலையில் பொருத்தும் தணிப்பானை ஆலைப் பெண்கள் தொப்பி என்றே சொல்வார்கள். "அன்னைக்கு நடந்ததை இப்பச் சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன். கதவு பூட்டிக் கெடந்தது, பெர்னதா என் கால்மாட்டுல விழுந்தது, எல்லாம் சொல்லுவேன். ராத்திரி ஒறக்கமும் வருது. இது அது இல்ல."

"எது?"

"இப்ப நான் ஓடினது. அன்னைக்கு அடிச்ச வாடைக்கு ஓடலை மேடம். நேத்து அடிச்ச வாடைக்கு ஓடினேன்."

"நேத்தா?"

"நேத்து, முந்தாநேத்து, ஒரு மாசமா. எங்க மதினி செல்வராணி சேலையை நாந்தான் தொவைச்சுப் போடுதேன். தெனமும் கேஸ் வாடை. என்ன மதினி இதுன்னு கேட்டா, ஆமாட்டி, கண்ணு எரியும், தொடைச்சுக்கிட்டு உரிப்போம்னு சொல்லுதாவ. சிரிச்சுக்கிட்டே சொல்லுதாவ, மேடம். அதைக் கேட்டுத்தான் எனக்குக் குலை நடுங்கிட்டு."

தணிப்பான் நினைவை அழிப்பதில்லை. ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்த நினைவுக்கும் உடலின் நடுக்கத்திற்கும் இடையே உள்ள முடிச்சை அது அவிழ்த்துவிடும். அதன் பிறகு நினைவு இருக்கும், நடுக்கம் இராது. மாதக்கணக்கில் உறங்காத பெண்கள் உறங்கினார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டவும் கதவைச் சாத்த அஞ்சியவர்கள் கதவைச் சாத்தினார்கள். நிறைமதி இதைப் பொய் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. ஆனால் அமோனியாவின் முன் அசையாமல் உட்காரும்படி நாற்பத்தொரு பேருக்குப் பழக்கம் கற்பித்து, அமோனியா ஓடும் கூடத்திற்கே அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்பது, அந்தச் சைக்கிள்களுக்கு நடுவே நின்றபோதுதான் அவளுக்கு முதன்முதலாக விளங்கியது.

நிறைமதிக்கு வயது ஐம்பத்து நான்கு. ஒன்பது வயதில் ஒரு திருமண மண்டபத்தில் தீப்பிடித்தபோது தங்கை கயலின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வாசலுக்கு வந்தபோது கையில் கை இல்லை. அன்றிலிருந்து எந்த அறைக்குள் நுழைந்தாலும் கதவுக்கு எத்தனை அடி என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவாள். அச்சம் எப்படிப்பட்டது என்று அறிந்தவளாதலால், அச்சமுற்றவர்களோடு இருப்பதையே தொழிலாக ஏற்றாள். அவளுடைய அறையில் கதவோரத்து நாற்காலி வந்தவருக்கே உரியது. அவள் உட்பக்கத்தில் சுவரை ஒட்டி அமர்வாள். அந்த இடத்தை விட்டுக்கொடுப்பது அவளுக்கு ஒவ்வொரு நாளும் கடினமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் விட்டுக்கொடுத்தாள். "பயப்படாதீங்க" என்று எவரிடமும் சொல்ல மாட்டாள். "ஏன் பயந்தீங்க" என்றும் கேட்க மாட்டாள். அவளுடைய முதற்கேள்வி எப்போதும் ஒன்றே: "அப்போ நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க?" முடிக்கும்போது, இன்றைக்கு வீட்டில் என்ன சமையல் என்று கேட்பாள், அந்த விடையோடுதான் அவர்கள் வெளியே போக வேண்டும்.

2058ஆம் ஆண்டில் புதிய விதி வந்தது. ஆலோசகர்கள் முதலில் தம் அச்சத்தைத் தணித்துக்கொண்ட பின்னரே பிறருக்குத் தணிப்பு அளிக்கலாம். கலங்கிய மனம் கலங்கிய மனத்தைத் தெளிவிக்க முடியாது என்பது விதி வகுத்தவர்களின் வாதம். நிறைமதியும் தணிப்பானைத் தலையில் பொருத்திக்கொண்டாள். ஆனால் கயலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏழு வயதில் தன்னைத் துரத்திய தெருநாயைப் பற்றிச் சொன்னாள். கருவி, சொன்னதை மட்டுமே தணிக்கும்; நாயச்சம் தணிந்தது. அடுத்த ஆண்டிலேயே இரண்டு முறை நாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டாள். உறுமிய நாயைத் தட்டிக்கொடுக்கக் கை நீட்டியிருந்தாள். அதைத் தன் கவனக்குறைவு என்றே அப்போது எண்ணினாள்.

பத்தரை மணிக்கு அவள் மையத்தின் தலைவர் டாக்டர் இளஞ்சேரனின் அறைக்குச் சென்றாள். அவர் நல்லவர், பொறுமையாகக் கேட்பவர், விதிப்படி முழுமையாகத் தணிக்கப்பட்டவர்.

"ஒரு பொண்ணு சோதனையில தேறலைன்னா மறுபடி தணிப்பு குடுக்கலாமே மேடம். அதுக்கு ஆலையை ஏன் நிறுத்தணும்?"

"அவங்க பயம் பழசு இல்ல சார். அங்க இப்பவும் கசியுது."

"கேஸ் அளவி எல்லாம் வரம்புக்குள்ளதான் காட்டுதுன்னு தினமும் அறிக்கை வருது."

"அந்த வரம்பை மார்ச் மாசம் உயர்த்தினாங்க. சங்கு அடிக்கடி அடிச்சா திரும்பி வர்ற பொண்ணுங்க பயப்படுவாங்கன்னு நாமதான் உயர்த்தச் சொன்னோம். அளவிக்கு முன்னாடி மனுஷ மூக்குக்குத் தெரிஞ்சிடும், தெரிஞ்சா உடனே சொல்லுவாங்கன்னு எழுதிக் குடுத்தோம்."

"சொல்லலையே!" இளஞ்சேரன் திரையை அவள் பக்கம் திருப்பினார். "ஆலையோட புகார் ஏடு. விபத்துக்கு முன்னாடி மாசத்துக்கு இருபது, முப்பது புகார். இந்த நாலு மாசத்துல ஒண்ணுகூட இல்ல. நம்ம வேலைக்கு இதைவிட நல்ல அத்தாட்சி உண்டா?"

வெற்றுத் திரையை நிறைமதி பார்த்தாள். நாள்களுக்குரிய கட்டங்கள் வரிசையாக இருந்தன. எதிலும் ஓர் எழுத்தும் இல்லை.

"எனக்குப் பயமா இருக்கு, சார்."

இளஞ்சேரன் நிமிர்ந்தார். அவர் முகத்தில் சினம் இல்லை; வியப்புமட்டும் இருந்தது. "பயமா? உங்களுக்கா?"

கதவுக்கு ஆறடி. அதை எண்ணியதை எண்ணி அவள் மேலும் அஞ்சினாள். "கவலையா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

"அதானே பார்த்தேன். கவலைன்னா எழுத்துல குடுங்க. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல வைக்கலாம். நாளன்னைக்கு வியாழக்கிழமை அவங்க முழு உற்பத்தி தொடங்குறாங்க. இந்த நேரத்துல வாய்வார்த்தையா எதுவும் வேண்டாம்."

அறையை விட்டு வெளியே வந்த நிறைமதி, நடைகூடத்தின் சுவரில் சாய்ந்து நின்றாள். முழு உற்பத்தி என்றால் குழாய்களில் முழு அழுத்தம். உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல் ஒரு சொல்லை மாற்றிவிட்டு வந்த தன்னை அவளால் மன்னிக்க முடியவில்லை. ஜெசிந்தா இன்னும் சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே நின்றிருந்தாள். இருவரும் ஆட்டோவில் ஏறி ஆலைக்குச் சென்றார்கள்.

வாயிலிலிருந்து ஐம்பதடி தள்ளியே ஜெசிந்தா நின்றுவிட்டாள். "நான் உள்ள வர மாட்டேன் மேடம். நீங்களும் போவாதீங்க."

"கூட்டிட்டு வந்துடுறேன்."

"அவுக வர மாட்டாவ. நீங்க வேணும்னா பாருங்க."

உரிப்புக் கூடத்தின் கதவைத் திறந்ததும் வாடை நிறைமதியின் முகத்தில் அறைந்தது. கண்கள் எரிந்து நீர் வழிந்தது. குழல்விளக்குகளின் கீழே நீண்ட எஃகு மேசைகளின் இருபுறமும் நாற்பத்தொரு பெண்கள் அமர்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கண்களிலிருந்தும் நீர் வழிந்துகொண்டிருந்தது. கை நிற்கவில்லை. தலையைச் சாய்த்துத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓடு ஒரு பக்கம், சதை ஒரு பக்கம் என்று உரித்தார்கள். யாரோ ஒருத்தி தன் மருமகளைப் பற்றி ஏதோ சொல்ல, அந்த வரிசை முழுவதும் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே இருமல். பிறகு மறுபடியும் சிரிப்பு.

அவள் தன் வாழ்நாளில் அதைவிட அச்சமூட்டும் காட்சியைக் கண்டதில்லை. தீயின் நடுவில்கூட மனிதர்கள் அலறினார்கள்.

"எல்லாரும் வெளிய வாங்க!" அவள் கத்தினாள். "கேஸ் கசியுது! எந்திரிங்க!"

சில தலைகள் நிமிர்ந்தன. "மேடமா? வாங்க மேடம், வாங்க. எப்ப வந்திய?" என்றாள் ஒருத்தி.

"கசியுதுன்னு தெரியுதா இல்லையா?"

"தெரியாம என்ன? காலையிலேர்ந்து கொஞ்சம் கூடத்தான் இருக்கு" என்றாள் செல்வராணி, உரித்துக்கொண்டே. அவள் ஐம்பது வயதைத் தாண்டிய பருத்த பெண். முதல் சான்றிதழ் பெற்றவள். "நீங்க குடுத்த பயிற்சிதான மேடம். ரெண்டு நிமிசம் என்ன, எட்டு மணி நேரம் இருப்போம்."

பெண்கள் சிரித்தார்கள். கேலி இல்லை, பெருமைதான் இருந்தது.

நிறைமதி சுவரிலிருந்த அபாயப் பெட்டியின் கண்ணாடியை முழங்கையால் உடைத்துப் பொத்தானை அழுத்தினாள். சங்கு அலறியது. எவரும் எழவில்லை. இரண்டு நிமிடத்தில் அது நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும், அவளே கற்றுக்கொடுத்ததுதான். மேற்பார்வையாளர் ஓடி வந்து அளவியைக் காட்டினார். "பாருங்க மேடம், வரம்புக்குள்ளதான் இருக்கு. யார் நஷ்டத்துக்குப் பதில் சொல்றது?" அவருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. அவரும் தணிக்கப்பட்டவர்.

அவளிடம் வேறு வழி எதுவும் எஞ்சவில்லை. ஓடிவிடலாம், கதவு நான்கடியில் இருந்தது. கால்கள் ஓடத்தான் துடித்தன. அவள் கதவின் சட்டத்தை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். உடல் முழுதும் நடுங்கத் தொடங்கியது. பற்கள் கிட்டிக்கொண்டன. நாற்பத்தைந்து ஆண்டுகளாக எவருக்கும் காட்டாமல் அடக்கி வைத்திருந்த அத்தனையும் அந்தப் பெண்களின் முன்னால் வெளிப்பட்டது. அவள் தரையில் சரிந்து உட்கார்ந்து, சிறுபிள்ளையைப்போல் வாய்விட்டு அழுதாள்.

செல்வராணியின் கை நின்றது.

"ஏட்டி, மேடத்துக்கு என்னமோ பண்ணுது."

"நடுங்குதாவ பாரு. பயந்துட்டாவ போல."

"எதுக்குப் பயப்படுதாவ?" என்று கேட்டாள் ஓர் இளம்பெண்.

"பயந்தவகிட்ட எதுக்குன்னு கேக்கப்படாது" என்று அதட்டினாள் செல்வராணி. "நம்ம இப்படி நடுங்கிக் கெடந்தப்ப அவுக கேட்டாவளா?" கைகளை முன்றானையில் துடைத்துக்கொண்டு வந்து நிறைமதியின் அருகே குந்தினாள். "வாங்க மேடம். வெளிய போய்க் காத்தாட உக்காருவோம். நான் கூட வாரேன்."

"எல்லாரும்" என்றாள் நிறைமதி. பற்களுக்கிடையே சொல் சிதறியது.

"என்ன?"

"எல்லாரும் வந்தாத்தான் நான் வருவேன். ஒருத்தர்கூட உள்ள இருக்கக் கூடாது. நான் தனியாப் போக மாட்டேன்."

அவள் இதைத் திட்டமிட்டுச் சொல்லவில்லை. அவளால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை என்பதே உண்மை. செல்வராணி ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து திரும்பினாள்.

"எந்திரிங்கட்டி எல்லாரும். அவுக தனியாப் போவ மாட்டாவளாம்."

"செல்வராணி, உற்பத்தி நிக்கும்!" என்றார் மேற்பார்வையாளர்.

"நிக்கட்டும் சார். ஒரு பொம்பள இப்படிக் கெடந்து அழுதா, நாங்க எறால் உரிச்சுக்கிட்டு இருக்கவா? நீங்களும் வாங்க."

நாற்பத்தொரு பெண்களும் எழுந்தார்கள். எவருக்கும் அவசரம் இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்தவர்கள் சிலர். செருப்பைத் தேடியவர்கள் சிலர். நிறைமதி கதவருகே நின்று, ஒவ்வொருவராக வெளியேறுவதை எண்ணினாள். அவ்வளவு மெதுவான ஓட்டத்தை அவள் கண்டதில்லை. மேற்பார்வையாளரும் வெளியேறிய பின்னரே அவள் வாசலைத் தாண்டினாள். வாயிலுக்கு அப்பால் ஜெசிந்தா ஒருத்திமட்டும் அழுதுகொண்டே ஓடி வந்து மதினியைக் கட்டிக்கொண்டாள். "என்னட்டி, அழாத. மேடத்துக்குத்தான் மேலுக்கு முடியலை" என்றாள் செல்வராணி.

இளஞ்சேரன் ஒன்றே காலுக்கு வந்து சேர்ந்தார். நிறைமதி சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், எழுதிக்கோங்க. நான் தணிக்கப்படலை. நாய்க் கதையைச் சொல்லி ஏமாத்தினேன். எனக்கு எல்லாப் பயமும் அப்படியே இருக்கு. அதனாலதான் இது எனக்குத் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியலை."

"இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார் அவர் மெதுவாக. "மயக்கம்னு சொல்லியிருக்கலாம்."

"மயக்கம்னு சொன்னா நாளைக்கே கூடத்தைத் திறந்துடுவீங்க. பயம்னு பதிவானாத்தான் ஆய்வாளர் வருவார். விதியில அப்படித்தான் இருக்கு. தணிக்கப்படாத ஒருத்தர் நேர்ல பார்த்து அஞ்சியதா எழுத்துல குடுக்கணும்."

அவர் ஆலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நான் உள்ள போய்ப் பார்த்தேன் மேடம். கண்ணு எரிஞ்சுது. அஞ்சு நிமிஷம் நின்னேன்" என்றார். "எனக்கு ஒண்ணுமே தோணலை." அதைச் சொல்லும்போது அவர் குரலில் அச்சம் இல்லை. அச்சம் இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்ப்பவருடைய தயக்கம் இருந்தது.

தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையின் ஆய்வாளர்கள் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார்கள். கூடத்தின் வடக்குச் சுவருக்குப் பின்னால், முதன்மைக் குழாயின் இணைப்பில் இருந்த அடைப்பு வளையம் முக்கால் பங்கு அரித்துப் போயிருந்தது. அது ஆறு மணி நேரம் தாங்கியிருக்குமா, ஆறு நாள் தாங்கியிருக்குமா என்பதில் பொறியாளர்கள் இருவரும் கருத்து வேறுபட்டனர். வியாழக்கிழமை முழு அழுத்தத்தைத் தாங்கியிராது என்பதில் வேறுபடவில்லை.

விசாரணைக் குழு ஐந்து வாரம் அமர்ந்து, செப்டம்பர் மாதம் 20ஆம் நாள், வியாழக்கிழமை தன் முடிவுகளை அறிவித்தது. குப்பியும் சங்கும் கொண்ட சோதனை கைவிடப்பட்டது. ஜெசிந்தாவுக்குச் சான்றிதழ் வழங்கப்படவில்லை. நாற்பத்தொரு பெண்களுக்கும் அச்சத்தைத் திருப்பித் தர இயலுமா என்று வல்லுநர்களிடம் கேட்கப்பட்டது. அதற்கு முறை எதுவும் இல்லை என்று அவர்கள் விடையளித்தார்கள். அந்த விடை பதிவுசெய்யப்பட்டது. அப்பெண்களிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. முப்பத்தொருவர் வேலைக்கே திரும்ப விரும்பினார்கள். பொய்யான நினைவைச் சொல்லித் தகுதி பெற்றமைக்காக நிறைமதியின் உரிமம் நிலையாக நீக்கப்பட்டது. ஆலோசகர்கள் தணிக்கப்பட்டிருக்க வேண்டும் என்னும் விதியில் குழு மாற்றம் செய்யவில்லை.

தணிக்கப்பட்டவர்கள் பணிபுரியும் எந்தக் கூடத்திலும், ஒவ்வொரு பணிமுறைக்கும், அச்சம் தணியாத ஒருவரேனும் இருக்க வேண்டும் என்றும், அவர் எழுந்து வெளியேறினால் காரணம் கேளாமல் அனைவரும் வெளியேற வேண்டும் என்றும் குழு ஆணையிட்டது. அப்பதவிக்கு 'அஞ்சுநர்' என்று பெயரிடப்பட்டது. ஊதியம், இறால் உரிப்பவர்க்குரிய ஊதியமே. முதற்பணிமுறைக்கு அழைக்கப்பட்ட ஜெசிந்தா முதலில் மறுத்தாள். செல்வராணி அவளோடு ஒரு வாரம் பேசிய பின் ஜெசிந்தா இசைந்தாள். இரண்டாம் பணிமுறைக்கு விண்ணப்பம் ஒன்றுதான் வந்தது. விண்ணப்பித்தவரின் நாயச்சம் தணிக்கப்பட்டிருப்பதை ஓர் உறுப்பினர் தடையாகச் சுட்டினார். கூடத்தில் நாய்கள் இல்லை என்று குழு அந்தத் தடையை நீக்கி, நிறைமதியை அக்டோபர் முதல் நாளிலிருந்து பணியமர்த்தியது.